நைனா ரிவிட் அடித்த டகோடா



2023-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பிற்பகல், திருப்பதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேரனும் நானும் கிழக்கே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பும் நேரம். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்த எங்களுக்குத் தொலைவில் ஒரு வெள்ளைப் புகைக்கோடு எழுந்து வளைந்து போனது தெரிந்தது. பேரன் கைதட்டினான். பிறகு சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, உங்க நைனா ஏரோப்ளேன் செஞ்சவராமே? பாட்டி சொன்னாங்க. போட்டோ இருக்கா?" என்று கேட்டான்.

என்னிடம் போட்டோ இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். போட்டோவுக்குப் பதிலாக அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அதைக் கேட்ட நம் சங்க நண்பர் ஒருவர், "இதை அப்படியே பத்திரிகைக்கு எழுதுங்கள்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து பெங்களூருக்கு

எங்கள் குடும்பம் ஆரணிப் பக்கத்திலிருந்து சித்தூரில் குடியேறியது. என் தகப்பனாரை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது வழக்கம்தானே!

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் சென்னைப் பட்டணத்தைக் காலி செய்து ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கண்ணீர்க் கதைகளும் ஊருக்கு ஊர் பரவின. பிழைப்பு தேடி, கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் ஏறி, பலமநேர், முளபாகல், கோலார் வழியாக நைனா பெங்களூர் போய்ச் சேர்ந்தது 1943-இல். அப்போது அவருக்கு வயது இருபது.

அங்கே ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலை இருந்தது. வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கியது அது. இன்றைய எச்.ஏ.எல். நிறுவனத்தின் தாய் அதுதான். போர் முற்றியதும் அமெரிக்க விமானப்படையின் மேற்பார்வைக்குள் அது வந்தது. கிழக்குப் போர்முனையில் அடிபட்டும் ஓடித் தேய்ந்தும் வந்த விமானங்களைப் பிரித்துச் சீராக்கி அனுப்பும் பெரிய பட்டறையாகிவிட்டது.

நைனாவுக்குக் கிடைத்தது ரிவிட் அடிப்பவருக்கு உதவியாள் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ரிவிட்டை அடிப்பார். இன்னொருவர் தகட்டின் மறுபக்கம் ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டையில் மோதித்தான் ரிவிட்டின் வால் நசுங்கித் தலையாகும். நைனா குள்ளம், உடம்பும் ஒல்லி. விமானத்தின் வால் பக்கம் போகப்போகக் குறுகிவிடும் அல்லவா? அங்கே நுழைந்து கட்டை பிடிக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் ஏது!

"சில ரிவிட்டை ஐஸ்ல வெச்சிருப்பாங்கடா. வெளிய எடுத்தா ஒடனே அடிச்சிடணும். லேட்டானா ஆறிப்போன இட்லி மாதிரி கெட்டியாயிடும்" என்று எங்களுக்கு விளக்குவார். சூட்டில் பதப்படுத்திய அலுமினியக் கலவை நேரம் ஆக ஆகத் தானே இறுகும் என்ற விஞ்ஞானத்தை இட்லியை வைத்துப் புரியவைத்த மனிதர் அவர்.

எந்த விமானம் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "டகோடா!"

டகோடாவின் பிறப்பு

டகோடாவின் உண்மைப் பெயர் டி.சி.3. அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் செய்தது. பயணிகள் இரவில் படுத்துத் தூங்கிக்கொண்டே போகும்படி ஒரு விமானம் வேண்டும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேட்டதால் உருவானது அது. முதன்முதலில் பறந்த நாள் 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் முடிந்த நாள்!

இரண்டு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், 1,200 குதிரைத்திறன். இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 95 அடி. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலில் ஒரு சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். உள்ளே ஏறினால் மேட்டில் ஏறுவதுபோல் நடந்துதான் இருக்கைக்குப் போகவேண்டும்.

போர் வந்ததும் இதே விமானத்துக்குத் தரையைப் பலப்படுத்தி, சரக்கு ஏற்ற அகலக் கதவு வைத்து சி-47 என்று பெயரிட்டார்கள். பிரிட்டிஷ் விமானப்படை வைத்த பெயர்தான் டகோடா. அமெரிக்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். போருக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்த ரஷ்யாவும் ஜப்பானும்கூட இதையே செய்துகொண்டன. ஆக, ஒரே விமானம் இரண்டு பக்கமும் பறந்த போர் அது!

பர்மா சாலை அடைபட்ட பிறகு, 1942 முதல் 1945 வரை அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோனார்கள். 'ஹம்ப்' என்று பெயர் பெற்ற அந்தப் பாதையில் போன சரக்கு ஏறத்தாழ ஆறரை லட்சம் டன். முதலில் அதைச் சுமந்தது டகோடா. பிறகு அதைவிடப் பெரிய இரட்டை என்ஜின் விமானமான சி-46 கமாண்டோவும் சேர்ந்துகொண்டது. 1944-இல் ஜப்பானியர் இம்பாலைச் சுற்றி வளைத்தபோது, உள்ளே சிக்கிய படைக்குச் சோறும் குண்டும் போய்ச் சேர்ந்தது வான்வழியாகத்தான். அந்தச் சுமையில் பெரும்பங்கும் டகோடாவுடையது.

சுதந்திர இந்தியாவில்

போர் முடிந்தது. இந்தியாவில் விட்டுப்போன டகோடாக்கள் மலிவு விலைக்கு வந்தன. படைவீரர்கள் உட்கார்ந்த தகர பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு, பயணிகளுக்கு மெத்தை இருக்கை பொருத்தும் வேலை பெங்களூர்த் தொழிற்சாலைக்கு வந்தது. "சண்டைக்குப் போன யானையைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடிச்ச மாதிரி" என்பார் நைனா.

அந்த யானைகள் செய்த வேலையைக் கேளுங்கள்.

1947 ஜூலையில், டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்கப் பார்த்தபோது, ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக் தம் டகோடாவை ஓட்டிக்கொண்டு போய் அந்நாட்டுத் தலைவர் ஷாரிரை அழைத்து வந்தார்.

1947 அக்டோபர் 27 காலை, டெல்லியிலிருந்து கிளம்பிய டகோடாக்கள் முதலாவது சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் இறக்கின. தனியார் கம்பெனிகளின் பயணி விமானங்களும் அன்று படை சுமந்தன. முதலில் போன விமானப்படை டகோடாவின் எண் வி.பி.905. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடி வரும்.

1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு லே நகரில் இறங்கினார். கடல் மட்டத்துக்குப் பத்தாயிரம் அடிக்கும் மேலே, ஆற்று மணலில் அவசரமாகப் போட்ட ஓடுபாதை. அந்த உயரத்துக்கென்று செய்யப்படாத விமானம்!

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. அதுவும் டகோடாதான்.

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சேதியும் உண்டு. 1949-இல் இரவு அஞ்சல் விமானங்கள் தொடங்கின. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் டகோடாக்கள் நாக்பூரில் சந்திக்கும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். அதே ஆண்டு ஏப்ரல் முதல், கூடுதல் கட்டணம் இல்லாமலே உள்நாட்டுக் கடிதங்கள் விமானத்தில் போகத் தொடங்கின. டெல்லியில் வேலை பார்த்த மகன் எழுதிய கடிதம் சுருக்காகத் தாயின் கைக்கு வந்ததென்றால், அதற்குப் பின்னால் தூங்காத டகோடா ஒன்று இருந்தது.

1953 ஆகஸ்டில் எட்டுத் தனியார் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோடாக்கள்! அந்தக் காலத்தில் 'விமானம்' என்றாலே நம்மவர்களுக்கு டகோடாதான் என்றால் மிகையாகாது.

கோத்தகிரி மலையில்

எல்லாமே வெற்றிக் கதை இல்லை. நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு துயரத்தையும் சொல்லவேண்டும்.

ஆபிரகாம் வால்ட் என்று ஒரு கணித மேதை. ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். போர்க் காலத்தில் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. சண்டைக்குப் போய்த் திரும்பும் விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்று கணக்கு எடுத்திருந்தார்கள். உடம்பில் நிறைய ஓட்டைகள். என்ஜின் பக்கம் குறைவு. எந்த இடத்தில் கவசத் தகடு வைக்கலாம்?

ஓட்டை நிறைய இருக்கும் இடத்தில் என்றுதான் நாம் சொல்வோம். வால்டின் கணக்கு நேர்மாறாகச் சொன்னது. "நீங்கள் பார்ப்பது திரும்பி வந்த விமானங்களை மட்டுமே. என்ஜினில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை" என்பதுதான் அதன் சாரம். கண்ணில் படாததையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றும் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறது.

அந்த மேதை இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற மனைவியோடு நம் நாட்டுக்கு வந்தார். 1950 டிசம்பர் 13 அன்று அவர்கள் ஏறிய ஏர் இந்தியா டகோடா நீலகிரியில், கோத்தகிரிக்கு அப்பால் உள்ள ரங்கசாமித் தூண் அருகே மலையில் மோதியது. எவரும் உயிர் தப்பவில்லை. வால்டுக்கு வயது 48.

திரும்பி வராத விமானங்களைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், திரும்பி வராத ஒரு விமானத்தில் போனார்.

எங்கும் இருந்தது எங்கே போனது?

தொழிற்சாலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, தாத்தா படுக்கையில் விழுந்ததும் நைனா சித்தூர் திரும்பிவிட்டார். பஜார் தெருவில் பாத்திரம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்தார். ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டானுக்கு அவர் ஒட்டுப் போட்டால் தண்ணீர் கசியாது. "ஏரோப்ளேனுக்கே அடிச்ச கை" என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊருக்குத் தெற்கே சென்னை-பெங்களூர் விமானம் போகும். காற்று வாகாக இருந்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கடையில் சுத்தியலை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்பார். "ரெண்டு என்ஜினும் ஒரே சுருதி. நல்லா ஓட்றான்" என்பார். நான் சிறுவன், எனக்கு அதெல்லாம் வேடிக்கை.

காலம் மாறியது. புதிய விமானங்கள் வந்தன. பயணிகளைச் சுமப்பதை டகோடாக்கள் விட்டன. விமானப்படை மட்டும் 1980-களின் இறுதிவரை வைத்திருந்தது. 1971 டிசம்பர் 11-இல் பங்களாதேஷின் டாங்கைல் பகுதியில் பாராசூட் வீரர்களை இறக்கிய விமானங்களிலும் டகோடாக்கள் இருந்தன. அதன் பிறகு? எடைக்குப் போட்டார்கள். வெட்டி, உருக்கி, பாத்திரமும் கம்பியுமாக ஆக்கிவிட்டார்கள்.

பத்தாயிரம் இருந்த பொருள் எப்படி அபூர்வமானது என்று நான் யோசித்ததுண்டு. ஒன்றே ஒன்று இருந்தால் பத்திரப்படுத்துவோம். தெருவுக்குத் தெரு இருந்தால் 'இது எங்கே போய்விடப் போகிறது' என்று விட்டுவிடுவோம். நம் வீட்டு அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடந்தது அதுதானே?

நானும் அதே தவறைச் செய்தவன்தான். நைனா 1996-இல் காலமானார். இரண்டு வருஷம் கழித்துச் சித்தூர் வீட்டைக் காலி செய்து திருப்பதிக்குக் குடிவந்தோம். பரணில் அவருடைய தகரப் பெட்டி இருந்தது. உள்ளே, கழித்துப்போட்ட விமானத் தகட்டில் அவரே செய்த ஒரு சோப்புப் பெட்டி. நசுங்கிய ரிவிட்கள் ஒரு கைப்பிடி. கரையான் அரித்த ஒரு குரூப் போட்டோ. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். பழைய இரும்புக்காரர் வாசலில் நின்றார். பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டேன். எவ்வளவு கொடுத்தார் என்பதுகூட நினைவில்லை.

மகன் செய்த மரியாதை

2018-இல் ஒருநாள் காலைப் பேப்பரைப் பிரித்தபோது என் கை நின்றுவிட்டது. டகோடா விமானம் ஒன்று இந்தியாவுக்குப் பறந்து வருகிறது என்று செய்தி!

விமானப்படையில் டகோடா ஓட்டியவர் ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர், அப்போது நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினர், பழுதடைந்து கிடந்த ஒரு பழைய டகோடாவை 2011-இல் வாங்கி, பல ஆண்டுகள் செலவிட்டுப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். தந்தையின் பெயரால் அதை விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018 ஏப்ரல் 17-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து கிளம்பி, வழியில் பல நாடுகளில் இறங்கி ஏறி, 25-ஆம் தேதி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ஆம் தேதி ஹிண்டன் தளத்தில் முறைப்படி படையில் சேர்ந்தது. 'பரசுராமா' என்று பெயர். அதன் வாலில் எழுதிய எண் என்ன தெரியுமா? வி.பி.905!

ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானம் அல்ல இது. அதன் எண்ணைத் தாங்கி, அதன் நினைவாகப் பறக்கும் அதன் உடன்பிறப்பு. பிஜு பட்நாயக்கின் டகோடாவும் இப்படி மீண்டது. கல்கத்தா விமான நிலையத்தில் பல காலம் கிடந்ததைப் பிரித்து, 2023 ஜனவரியில் லாரிகளில் புவனேஸ்வரம் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள்.

அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மகன் தன் தந்தையின் விமானத்தையே தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் என் தந்தையின் சோப்புப் பெட்டியைக்கூடக் காப்பாற்றவில்லை.

வசதி வேறு, வாய்ப்பு வேறு என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சோப்புப் பெட்டியை வைத்துக்கொள்ள என்ன வசதி வேண்டும்?

திரும்பி வராதவர்கள்

சந்திரயான் பார்த்த அந்தக் கோடை கழிந்து, தசரா விடுமுறையில் பேரனைப் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய படங்களைப் பார்த்தோம். தாத்தாவின் நைனா எங்காவது இருப்பாரா என்று பேரன் ஒவ்வொரு முகமாகத் தேடினான். கிடைக்கவில்லை. அதில் வியப்பும் இல்லை. வாலுக்குள் புகுந்து கட்டை பிடித்தவர் படத்தில் எப்படி விழுவார்?

அப்போதுதான் வால்ட் சொன்ன பாடம் எனக்கு உறைத்தது. இந்த நாட்டு விமான வரலாறு என்று நாம் படிப்பது, எழுதப்பட்டு மிஞ்சியவர்களின் வரலாறு. ஓட்டியவர் பெயர் இருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து ரிவிட்டை எடுத்துக் கொடுத்தவர், நாக்பூரில் நள்ளிரவில் மூட்டை தூக்கியவர், லே மணலில் கல் பொறுக்கி ஓடுபாதை போட்டவர் ஆகியோரின் பெயர்கள் திரும்பி வரவில்லை. வரவில்லை என்பதால் அவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

திரும்பும் வழியில் கோலார் தாண்டி பஸ் நின்றது. டீ குடிக்கும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, அவரு அடிச்ச ரிவிட்ல ஒண்ணாவது இன்னும் எங்கயாவது இருக்குமா?"

"தெரியாது கண்ணு. நம்ம வீட்டுக் குண்டான் அடியில ஒண்ணு இருக்கு" என்றேன்.

அது உண்மை. நைனா ஒட்டுப் போட்ட அலுமினியக் குண்டான் ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் வெந்நீர் வைக்கப் பயன்படுகிறது. ஊர் திரும்பியதும் பேரன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த நான்கு ரிவிட் தலைகளையும் விரலால் தடவிப் பார்த்தான். அடுப்புக்கரியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். இப்போது அவனிடம் ஒரு போட்டோ இருக்கிறது.

அன்பர்களே, நம் சங்கக் குடும்பங்களில் ரயில்வேயில், தபாலில், மில்லில், தங்கச் சுரங்கத்தில் பாடுபட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்வோம் இல்லையா? அப்போது கையில் கிடைக்கும் பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நான்கு வரி எழுதி, பெயரும் ஊரும் வருஷமும் குறித்து வையுங்கள். நம் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நான் தாமதமாகச் செய்ததை நீங்கள் காலத்தோடு செய்யுங்கள்.